ஏழாம் எண் கை

பேராசிரியர் மகிழ்நனுக்குக் கத்தியைப் பிடித்தால் கை நடுங்கும். பேனாவைப் பிடித்தால் நடுங்காது. உடற்கூறியல் துறைக்கு வந்து சேர்ந்த ஒருவருக்கு இது கொஞ்சம் சங்கடமான அமைப்புதான். அப்படியிருந்தும் உப்பங்கரை மருத்துவக் கல்லூரியில் முப்பது வருடத்தை ஓட்டி, துறைத்தலைவர் நாற்காலியையும் பிடித்து, போதாக்குறைக்கு மனித உடம்பிலுள்ள ஒரு நரம்புக்குத் தன் பெயரையும் வைத்துவிட்டார் என்றால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை என்று புரிந்திருக்குமே.

அந்த நரம்பின் பெயர் 'மகிழ்நன் கிளை'. அக்குளில், இரண்டு பெரிய நரம்புகளுக்கு நடுவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் நூல் கனத்துச் சமாச்சாரம். 2021-இல் அவர் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். தங்கப்பதக்கம் கொடுத்தார்கள். பாடப்புத்தகத்தில் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் அது படத்தோடு ஏறியது. அறுவை மருத்துவர்கள் அந்த இடம் வந்தால் சுற்றிக்கொண்டு போகப் பழகினார்கள். மூன்று ஊர்களிலிருந்து மூன்று டாக்டர்கள், தாங்களும் அதைப் பார்த்ததாக எழுதி அனுப்பினார்கள். வைவா பரீட்சையில் மகிழ்நனின் கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "மகிழ்நன் கிளையைக் காட்டுங்கள்." காட்டத் தெரியாதவர்கள் ஆறு மாதம் கழித்து மறுபடி வர வேண்டும்.

இப்போது 2043. ஓய்வுபெற ஐந்து மாதம் இருந்தது. இருநூற்றுப் பதினான்காம் பக்கத்துக்குச் சேதாரம் இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தால் போதும், வேறு ஆசை எதுவும் அவருக்குக் கிடையாது. அந்த நேரம் பார்த்துத்தான் மெஷின் வந்தது.

கல்லூரியை 1838-இல் தொடங்கியவர் டாக்டர் வில்மட் என்ற வெள்ளைக்காரர். அவர் அறுத்துப் பதப்படுத்திய நாற்பத்தொரு ஜாடிகள் அருங்காட்சியகத்தில் முதல் வரிசையில் இருந்தன. கை, கால், இதயம், மூளை என்று எதை எடுத்தாலும் இன்றைக்கும் அப்படி ஒரு சுத்தமான வெட்டு எந்தக் கல்லூரியிலும் கிடையாது. இருநூறாம் ஆண்டு விழா கமிட்டி கூடிக் கூடிப் பேசியதில் ஐந்து வருடம் ஓடிவிட்டது. எனவே இருநூற்றைந்தாம் ஆண்டு விழா என்று வைத்துக்கொண்டார்கள். வில்மட்டுக்கு வெண்கலச் சிலை திறப்பது, அவருடைய கையையே திரும்ப வரவழைத்து மேடையில் அறுத்துக் காட்டுவது என்று முடிவாயிற்று.

கையை வரவழைக்கும் அந்த மெஷினுக்குக் 'கைவாசிப்பி' என்று பெயர். கோயம்புத்தூரிலிருந்து நிறைமதி என்ற இளம் பொறியாளர் அதை வேனில் கொண்டுவந்து இறக்கினார்.

"ஜாடியைத் திறக்கணுமா?" என்று மகிழ்நன் கேட்டார்.

"வேண்டாங்க சார். கண்ணாடி வழியாவே படிச்சுக்கும்" என்றார் நிறைமதி. "நம்ம கையெழுத்து இருக்குதுங்களே, அதே மாதிரிதான் கத்தி போடறதும். எங்க அழுத்தறோம், எங்க நிறுத்தி யோசிக்கறோம், எந்தப் பக்கமாத் திருப்பறோம், எல்லாமே தசையில பதிஞ்சிருக்குமுங்க. நாப்பது ஜாடியைப் படிச்சா அந்தக் கையை அப்படியே திருப்பிக் கட்டிரலாம். அப்புறம் இந்த இரும்புக் கைக்குள்ள ஏத்திவிட்டா, அந்த மனுசன் எப்படி அறுப்பாரோ அப்படியே அறுக்கும்."

"ஆளும் வந்துடுவாரா?"

"கை மட்டுந்தானுங்க. ஆள் வரமாட்டார்."

மகிழ்நனுக்கு நிம்மதியாக இருந்தது. ஆளாக வந்தால் இங்கிலீஷில் வரவேற்புரை ஆற்ற வேண்டியிருக்கும்.

ஒத்திகையை டிசெக்ஷன் ஹாலில் வைத்தார்கள். மேஜைமேல் ஜெல்லில் செய்த பொம்மை உடல் ஒன்று படுத்திருந்தது. முதல்வர் டாக்டர் சற்குணவதி முன் நாற்காலியில் உட்கார்ந்தார். மகிழ்நன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் தெரிந்தவர் முகத்தை வைத்துக்கொண்டார். கதவோரம் அட்டெண்டர் பவுனம்மாள் வாளியும் துடைக்கும் துணியுமாக நின்றுகொண்டிருந்தார். இருபத்தாறு வருடமாக அந்த ஹாலில் பிணங்களை இறக்குவது, ஏற்றுவது, கழுவுவது எல்லாம் அவர்தான்.

நிறைமதி பொத்தானை அழுத்தினார். இரும்புக் கை விரல்களை விரித்து மடக்கியது. நெஞ்சுக்கு வரும் என்று எல்லோரும் எட்டிப் பார்க்க, அது நேராகக் கால்மாட்டுக்குப் போனது. இரண்டு பெருவிரல்களையும் ஒன்றாக இடுக்கிப் பிடித்தது. பிறகு வெறும் காற்றில் எதையோ சுற்றுவதும் இழுப்பதுமாக இருந்தது.

"என்னம்மா, வில்மட் கால் பிடிச்சு விடறாரா?" என்றார் முதல்வர்.

நிறைமதி முகம் சிவந்து, நிறுத்தி, மறுபடி தொடங்கினார். கை மறுபடி காலுக்கே போனது. மூன்றாம் தடவையும் அப்படித்தான். "பாதம் இருக்கற ஜாடி எல்லாத்துலயும் பெருவிரல்ல ஒரு தடம் இருக்குதுங்க. எதையோ இறுக்கிச் சுத்துன மாதிரி. முதல் வெட்டுக்கு முன்னாடியே பதிஞ்சதுன்னு மெஷின் சொல்லுது. எதுக்குன்னுதான் எனக்குப் புரியலீங்க."

"விரலைக் கட்டுது மேடம்" என்று கதவோரத்திலிருந்து பவுனம்மாள் சொன்னார். "உசுரு போனதும் ரெண்டு காலு பெருவெரலையும் சேத்துக் கட்டுவோமே, அது. கட்டாம அந்தக் கை அடுத்த வேல பாக்காது."

வாளியை வைத்துவிட்டு வந்தார். கையிலிருந்த துணியின் ஓரத்தை விரற்கடை அகலத்துக்குக் கிழித்து இரும்பு விரல்களுக்கு நடுவே வைத்தார். கை அதை வாங்கி இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டது. அதன்பிறகு கத்தியை எடுத்தது பாருங்கள், அரைமணி நேரம் ஹாலில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. தோலை மடித்த விதமும் தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்த விதமும் பார்த்து மகிழ்நனுக்கே உடம்பு சிலிர்த்தது. அறுத்து முடித்ததும் கை திரும்பக் காலுக்குப் போய் முடிச்சை அவிழ்த்துவிட்டு ஓய்ந்தது.

"அது எப்படி உனக்குத் தெரிஞ்சது?" என்றார் மகிழ்நன்.

"நானும் கட்டிட்டுத்தானே சார் தொடுவேன்."

இருபத்தாறு வருடமாக அந்தத் துணியைப் பார்த்திருக்கிறார் மகிழ்நன். அடையாளச் சீட்டு மாட்டுவதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

முதல்வர் மெதுவாகக் கேட்டார்: "வெள்ளைக்காரர் எதுக்குப் பெருவிரலைக் கட்டணும்?"

மறுநாள் மகிழ்நன் வில்மட்டின் நாட்குறிப்பை நூலகத்திலிருந்து எடுத்துவரச் சொன்னார். எல்லோரும் பலமுறை படித்த புத்தகம்தான். அதில் ஓரிடத்தில், 'இருளனுக்குக் காய்ச்சல். ஆகையால் இந்த மாதம் என் ஆராய்ச்சியில் முன்னேற்றம் இல்லை' என்று எழுதியிருந்தது. இன்னோர் இடத்தில், 'இருளன் தங்கை கல்யாணத்துக்குப் போயிருக்கிறான். என் கண்டுபிடிப்புகள் தடைப்பட்டுவிட்டன.' இத்தனை காலமும் படித்தவர்கள் எல்லோரும், பாவம் வில்மட், வேலைக்காரன் இல்லாமல் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார் என்றே நினைத்திருந்தார்கள். பிணவறையில் வேலை பார்த்த இருளன்தான் அத்தனையையும் அறுத்தவர் என்று யாரும் யோசிக்கவில்லை. வில்மட் தன் நூலின் முன்னுரையில் மனைவிக்கும் கவர்னருக்கும் கடற்காற்றுக்கும் நன்றி சொல்லியிருந்தார்.

ரத்தக்குழாய்களுக்குள் ஏற்றிய அந்தப் புகழ்பெற்ற 'வில்மட் சிவப்பு' விஷயமும் அன்றைக்கே உடைந்தது. அதன் செய்முறையை வில்மட் எங்கும் எழுதி வைக்கவில்லை. ரகசியத்தை உடன் கொண்டுபோய்விட்டார் என்று நூறு வருடமாக ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது.

"ஆலத்தித் தண்ணி சார் இது" என்றார் பவுனம்மாள், ஜாடியைத் துடைத்துக்கொண்டே. "மஞ்சளும் சுண்ணாம்பும். தேன்மெழுகுல கொழச்சிருப்பாரு."

நிறைமதி மெஷினைக் கேட்டார். மஞ்சள், சுண்ணாம்பு, தேன்மெழுகு என்று அதுவும் சொன்னது. வில்மட் எழுதி வைக்காததற்குக் காரணம், அவருக்கே தெரியாது என்பதுதான்.

கல்லூரி ஒரே வாரத்தில் கட்சி மாறியது. வில்மட் சிலை சாக்கோடு கிடங்குக்குப் போனது. 'உலகை வென்ற தமிழன் கை' என்று வாசலில் பெரிய பேனர் வைத்தார்கள். முகம் தெரியாததால் இருளனுக்கு ஒரு கையை மட்டும் வரைந்திருந்தார்கள். மகிழ்நனுக்கு ஆவேசம் வந்துவிட்டது. மூன்று தொலைக்காட்சிகளுக்குப் பேட்டி கொடுத்தார். "ஒரு ஜாடியைக்கூடத் தன் கையால் தொடாதவர்! இன்னொருவர் உழைப்பின்மேல் தன் பெயரை ஒட்டியவர்! வரலாறு இவர்களை மன்னிக்குமா?" என்று மேஜையைத் தட்டினார். தட்டிய வேகத்தில் டீ கொட்டியது. "பவுனு, துடை" என்றார்.

பேட்டி முடிந்து நிறைமதி உள்ளே வந்தார். "சார், மெஷின் வந்ததோட எல்லா ஜாடியையும் படிச்சுரலாம்னு மேடம் சொன்னாங்க. அறுநூத்தி நாப்பதும் முடிஞ்சுதுங்க. மொத்தம் ஒம்போது கைதான் வருது. இருளன் கை ஒண்ணு. அவருக்கு அப்புறம், ஏழாம் எண் கைன்னு ஒண்ணு வருது பாருங்க, என்ன கைங்க அது! இருளனையே தூக்கிச் சாப்பிட்டுரும். நம்ம காலத்துக் கை. உங்க பேர் போட்ட எம்பத்தி மூணு ஜாடியும் அந்தக் கைதானுங்க."

"ஓ" என்றார் மகிழ்நன்.

"உங்க கைதானுங்களா சார்? இந்த ஜெல் துண்டுல ஒரே ஒரு கீறல் போட்டீங்கன்னா உறுதி பண்ணிரலாம். விழாவுல அறிவிச்சுரலாம். மகிழ்நன் கிளை கண்ட கை!"

"மணிக்கட்டு சுளுக்கு" என்று சொன்னார் மகிழ்நன். மறுநாள் மாவுக்கட்டோடு வந்தார். அவசரத்தில் இடது கையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க வலது கைப் பழக்கந்தானுங்களே சார்?" என்று நிறைமதி கேட்டதும், வீட்டுக்குப் போய் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார்.

உண்மை என்னவென்றால், எண்பத்து மூன்று ஜாடியையும் அறுத்தது பவுனம்மாள். ஆரம்பத்தில், கொஞ்சம் பிடித்துக்கொள் பவுனு என்றார். பிறகு, கொஞ்சம் வெட்டிவிடு என்றார். அப்புறம், முடித்துவிட்டுச் சொல் என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய் எழுத உட்கார்ந்துவிட்டார். மற்ற கல்லூரிகளிலும் இப்படித்தானே நடக்கிறது, நான் மட்டுமா என்று அவர் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டதுண்டு. வில்மட்டும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்ற நினைப்பு இப்போது வந்து உறுத்தியது. மேஜையைத் தட்டிப் பேசிய பேட்டி வேறு தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

விழா அன்று காலை பத்து மணிக்கு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மற்ற எண்பத்திரண்டு போனால் போகட்டும். மகிழ்நன் கிளை இருக்கும் ஜாடியை மட்டும் தூக்கிவிட்டால், பக்கம் இருநூற்றுப் பதினான்கு தப்பிக்கும். மெஷின் ஏற்கெனவே படித்துவிட்டது என்பது பயத்தில் மறந்துபோயிற்று. ஜாடியைக் காய்கறிப் பையில் வைத்து, மேலே இரண்டு கட்டு கீரையையும் செருகி, மாவுக்கட்டுக் கையால் அணைத்துக்கொண்டு பின்பக்கப் படியில் இறங்கினார்.

"சார், ஒழுகுது" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

பவுனம்மாள் படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து ஃபார்மலின் சொட்டியது. அவர் எழுந்து வந்து பையை வாங்கி, கீரையை எடுத்துத் தனியே வைத்தார். "இதை இனிமே சாப்புட முடியாது சார்."

மகிழ்நன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அறுபதை நெருங்கிய மனிதர் மாவுக்கட்டுக்குள்ளிருந்த நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டது பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "பவுனம்மா" என்றார். அந்த 'அம்மா' இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக வந்தது. "நான் பண்ணினது தப்பு. இன்னைக்கு மேடையில சொல்லிடறேன். இது உன் கை. கண்டுபிடிச்சது நீ. பேரை மாத்திடலாம். பவுனம்மாள் கிளை. புத்தகத்துலயும் மாத்தச் சொல்றேன்."

பெரிய தியாகம் செய்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது. பவுனம்மாள் பதறிப்போனார்.

"ஐயையோ, வேணாம் சார். வேற எதுக்கு வேணா போடுங்க. இந்த ஜாடியில மட்டும் எம்பேரு வேணாம்."

"ஏன்?"

"இதுல ஒரு நரம்பு அறுந்துபோச்சு சார்."

மகிழ்நன் நிமிர்ந்து பார்த்தார்.

"கண்ணாடித் தட்டுல வெச்சுக் கட்டும்போது பட்டுனு அறுந்துருச்சு. நீங்க வேற அவசரம் அவசரம்னீங்க. கேட்டுக்கு எதுக்க சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டுற சொல்யூசன் வாங்கியாந்து ஒட்டுனேன். பதட்டத்துல நுனிய பக்கத்து நரம்புல ஒட்டிட்டேன். மறுநா எடுத்துச் சரியா வெச்சுடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க கண்டுபுடிச்சிட்டீங்க."

தூரத்தில் விழாவுக்கு மைக் சோதிக்கும் சத்தம் கேட்டது.

"ஏன் சொல்லல?" என்றார் மகிழ்நன்.

"சொன்னேனே. 'சார், இதுல ஒண்ணு'ன்னு ஆரம்பிச்சேன். 'தள்ளி நில்லு பவுனு, போட்டோ எடுக்கணும்'னீங்க. அப்புறம் மெடலு குடுத்தாங்க. அதுக்குமேல எங்க சொல்றது?"

மகிழ்நனுக்குப் பதக்கமோ பக்கமோ அப்போது நினைவுக்கு வரவில்லை. எட்டு வருடத்துக்கு முன் ஒரு வைவாவில், முக்கால் மணி நேரம் அக்குளுக்குள் தேடிவிட்டு, "இல்லீங்க சார், நெஜமாவே இல்ல" என்று அழுத பெண்தான் கண்முன் வந்து நின்றாள். பெயர்கூட நினைவில்லை. அவளை ஃபெயில் போட்டார். அப்படி எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரு கை விரல்கள் போதவில்லை. காட்டிவிட்டுப் பாஸானவர்கள் எதைக் காட்டினார்கள் என்று அடுத்தபடியாகத் தோன்றியது.

மதியம் விழா தொடங்கியது. சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர், பிரபல அறுவை மருத்துவர் கோதண்டபாணி. மகிழ்நன் கிளையைத் தானும் பார்த்ததாக எழுதிய மூவரில் ஒருவர். இருளனின் கை மேடையில் அறுத்துக் காட்டியது, கைதட்டல் கூரையைப் பிளந்தது. அடுத்து மகிழ்நன் மைக்குக்கு முன்னால் வந்தார். மாவுக்கட்டைக் கழற்றியிருந்தார்.

"என் பெயரில் இருக்கும் ஜாடிகளில் ஒன்றைக்கூட நான் அறுக்கவில்லை. எல்லாம் இங்கே நிற்கும் பவுனம்மாள் செய்தவை" என்றார். "இன்னொன்று. மகிழ்நன் கிளை என்று மனித உடம்பில் எதுவும் கிடையாது."

கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது.

"பாத்தீங்களா தன்னடக்கத்தை!" என்று முதல்வர் பக்கத்து மைக்கில் நெகிழ்ந்தார். "அட்டெண்டரையும் மறக்காத மனசு!"

"இல்லை மேடம், நிஜமாகவே இல்லை. அறுந்த நரம்பு அது. பஞ்சர் பசையால் ஒட்டியது."

சிரிப்பலை. கோதண்டபாணி எழுந்து வந்து மகிழ்நனின் தோளில் கைபோட்டார். "நகைச்சுவை உணர்வு உள்ளவர் நம் பேராசிரியர். ஆனால் நான் விடமாட்டேன். மகிழ்நன் கிளை இருக்கிறது! இரண்டு ஆபரேஷனில் இதே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அது லேசாகத் துடித்தது!"

மகிழ்நன் திகைத்துப்போனார். பொய் சொன்னபோது ஒருவரும் குறுக்கே வரவில்லை. உண்மையைச் சொல்ல வந்தால் தோளில் கைபோட்டு நிறுத்துகிறார்கள். அவர் மேடையோரம், அந்த ஜாடியை ஏற்றிய தள்ளுவண்டியோடு நின்ற பவுனம்மாளைப் பார்த்தார்.

பவுனம்மாள் முதலில் தயங்கினார். பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு ஜாடியின் மூடியைத் திறந்து, கண்ணாடித் தட்டை வெளியே எடுத்து, இடுக்கியால் அந்த நரம்பின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தார். வந்துவிட்டது. நுனியில் மிளகு அளவு பசைக் கட்டி ஒட்டியிருந்தது. கேமரா அதைப் பெரிய திரையில் காட்டியது. இருபத்திரண்டு வருடம் ஃபார்மலினில் கிடந்தும் ரப்பர் அப்படியே கருப்பாகப் பளபளத்தது.

"இதைத்தான் ஒட்டுனேன்" என்று பவுனம்மாள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "மன்னிச்சிடுங்க."

கோதண்டபாணி தோளிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியில் போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. முதல்வர், தேசிய கீதம் பாடலாமா என்று யாரையோ கேட்டார்.

ஐந்து மணிக்குக் கூட்டம் கலைந்துவிட்டது. ஹாலில் மகிழ்நன் ஒரு மூலையில் உட்கார்ந்து, பத்திரிகைக்குக் கடிதமும், ஃபெயிலானவர்கள் பெயரைக் கேட்டுத் தேர்வுப் பிரிவுக்குக் கடிதமும் எழுதிக்கொண்டிருந்தார். கை லேசாக நடுங்கியது. மெஷினைக் கட்டிக்கொண்டிருந்த நிறைமதி, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பவுனம்மாள் பக்கம் திரும்பினார்.

"அக்கா, போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணுமுங்க. ஏழாம் எண் கை வருசா வருசம் நல்லா ஆகிக்கிட்டே வருது. ஆனா கடைசிப் பதினாறு வருசத்துல எல்லாமே சுமாரா நிக்குது. நல்லா அறுக்கத் தெரிஞ்ச கை வேணும்னே கொஞ்சம் குறைச்சு அறுத்த மாதிரி இருக்குதுங்க. வேற ஜாடி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

பவுனம்மாள் வாளியை ஓரமாக வைத்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். இருவரும் பின்னால் போனார்கள்.

துடைப்பமும் பினாயில் கேன்களும் வைக்கும் அறை அது. மூலையில் ஒரு பழைய சேலையை விலக்கினார். பதினொரு ஜாடிகள் இருந்தன. ஒன்றிலும் பெயர்ச்சீட்டு இல்லை. மகிழ்நன் மண்டியிட்டுப் பார்த்தார். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை. இருளனின் ஜாடிகள்கூட இதற்கு முன்னால் நிற்காது. அவருக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை.

"நல்லா வந்ததை நான் வெளிய வெக்கிறதில்ல சார்" என்றார் பவுனம்மாள்.

கடைசி ஜாடி ஒரு பாதம். பவுனம்மாள் அதைத் திருப்பி, உள்ளங்கால் வளைவில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். "இது புஸ்தகத்துல இல்ல. இதுவரைக்கும் நாலு உடம்புல பாத்துட்டேன். மூணு பொம்பளங்க, ஒரு ஆம்பள. இதுல ஒட்டலு கிட்டலு ஒண்ணும் கெடையாது, நீங்களே பாருங்க."

நிறைமதி, ஒட்டு இருக்கிறதா என்று இந்த முறை தேடச் சொல்லிக் கையடக்க வாசிப்பியைக் கண்ணாடியில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. அறுந்ததோ ஒட்டியதோ இல்லை, பிறவியிலேயே உள்ளது. மகிழ்நன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். மெல்லிய ஒரு நரம்பு. எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் அவர் அதைப் படித்ததில்லை.

"இதுக்கு என்ன பேரு பவுனம்மா?"

"பேரு வெக்கல சார். பேரு வெச்சா யாராச்சும் வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

சொல்லிவிட்டு, சேலையை இழுத்து ஜாடியை மூடினார்.